தலைமாடு கால்மாடு

ஐப்பசி மூன்றாம் வாரம். காய்ச்சல் வார்டில்
கட்டிலுக்கு இருவர்.
எனக்கு வாய்த்தவர் இருளாயி,
வில்லாபுரத்தில் அப்பளக் கம்பெனி வேலை.
வடக்கே தலைவைக்க அவர் ஒப்பவில்லை.
சரி, அந்தப் பக்கம் எனக்கு.
குளிர் ஏறும்போதெல்லாம் என் பாதங்களைத்
தன் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்,
கேட்காமலே.

நாகமலைப் பக்கம், பல்கலைக்கழகத்தில், நாலு வருஷமாய்
நான் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பதும் இதைத்தான்:
டெங்கு வைரஸின் உறைப் புரதம்.
நூற்றெண்பது, தொண்ணூறு ஜோடியாய்,
தலைமாடு கால்மாடாகத்
தோல்மேல் படுத்திருக்கும்.
ஒன்றின் கூர்நுனி மற்றதன் இடுக்கில்.
நடுவே முடிச்சில்லை, நாரில்லை.
தண்ணீருக்குக் கூசும் ஓரம் தன்னைப்போல் கூசும் ஓரத்தைத் தேடும்,
கூட்டல் கழித்தலை இழுத்து வைத்திருக்கும்,
சில ஹைட்ரஜன் பிணைப்புகள்; தனித்தனியே
ஒரு தும்மலுக்குத் தாங்காது.

"என்ன படிக்கிற?" என்றார், ட்ரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்தபடி.
சொன்னேன்.
"நாங்க அப்பளம் ஒட்டாம இருக்க எண்ணெய் தடவுறோம்.
நீ ஒட்டுறதுக்குப் படிக்கிறியாக்கும்."
"அதே எண்ணெய்தான் ஒட்டவும் வைக்குதுக்கா."
நம்பவில்லை.

செல் விழுங்கியதும் சுற்றிலும் புளிப்பு ஏறும்.
ஹிஸ்டிடின் ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்ளும்; பிடி நழுவும்.
படுத்தவை எழும்.
ஒளித்த நுனி வெளியே வரும்.
இரண்டிரண்டாய்க் கிடந்தவை மூன்று மூன்றாய் நிமிர்ந்து
எதிர்ச் சவ்வைக் கவ்வி, மடங்கி, இழுக்க
கதவு திறந்துவிடும்.
அதற்குமுன் அந்த ஜோடியைப் பிரியாமல் தைத்துவிட
ஒரு சிறு மூலக்கூறு, அதுதான் என் ஆய்வு.
நாற்பத்தொரு வடிவம் போட்டாயிற்று.
ஒன்றும் பொருந்தி உட்காரவில்லை.

இரவு பதினொன்றரைக்குச் சக்கர நாற்காலியில்
ஜன்னத் பிர்தௌஸ், மகபூப்பாளையம்,
ப்ளேட்லெட் முப்பத்தோராயிரம்.
தரையிலும் இடமில்லை.
நர்ஸ் எங்கள் கட்டிலைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
இருளாயி என் காலை விட்டார்.
எழுந்து உட்கார்ந்தோம்.
சுவரில் சாய்ந்து, தோளும் தோளும் உரச,
நடுவில் அவள்.
பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்த எலுமிச்சைச் சாற்றை
ஒரே மூச்சில் குடித்து முகம் சுளித்தாள்.
பிறகு இருளாயி மேல் சரிந்து தூங்கிப்போனாள்.

விடியும்வரை
என் பாதங்கள்
வைக்க இடமின்றிக் குளிர்ந்தன.