இடது பூட்ஸில் தண்ணீர்

அந்தச் சின்ன லாரிக்குப் பெயர் ழூக்.
எங்கள் போலிஷ் மொழியில் வண்டு.
லூப்ளின் தொழிற்சாலையில்
யார் அந்தப் பெயரை வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை.
வெல்டிங் இயந்திரத்தின் எதிரே நின்று எதைக் கேட்டாலும்
தீப்பொறிதான் பதில் சொல்லும்.

வண்டின் இதயம் இரவல்.
ரஷ்யாவில் 'வெற்றி' என்ற காருக்காகப் பிறந்த எஞ்சின்,
பிறகு வார்சாவின் பெயர் தாங்கிய காரில் ஓடி,
ஐம்பதுகளின் கடைசியில் எங்களிடம் வந்தது.
அப்படியாக வெற்றி
எங்கள் ஊரில் முட்டைக்கோஸ் சுமந்தது.

ஓட்டுநருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில்
மூன்றாவது ஆளாக எஞ்சின் உட்கார்ந்திருக்கும்.
ஜனவரியில் அதன் மூடிமேல் சூப்புப் பாத்திரம் வைப்பார்கள்.
ஜூலையில் முழங்காலை ஒதுக்கிக்கொள்வார்கள்.
தகடு மெலிது,
அதனால் விலா எலும்புபோல வரிவரியாக மடித்தோம்.
பெட்ரோலை மட்டும்
கல்யாண வீட்டுக்கு வந்த மாமனைப்போலக் குடித்தது.

நான் போகுமிலா.
ஓட்டுநர் பக்கத் தரைத்தகட்டுக்குப் பொட்டு வைப்பது என் வேலை.
ஒரு தகட்டுக்குப் பன்னிரண்டு பொட்டு,
எல்லாமே நெருப்புப் பொட்டு.

எண்பதாம் ஆண்டு ஜூலை.
பக்கத்து ஸ்விட்னிக்கில் கேன்டீன் கட்லெட் விலை ஏறியது.
அங்கே நின்ற இயந்திரங்களின் அமைதி
இரண்டொரு நாளில் எங்கள் பட்டறைக்கும் நடந்து வந்தது.
ஏழாவது பொட்டு வைத்துக் கையெடுத்தேன்.
எவுஸ்தாஹி மெயின் சுவிட்சை இறக்கினான்.
அவ்வளவு வருடத்தில் முதல்முறையாகக்
கூரையில் புறா நடப்பது கேட்டது.

சம்பளம் கொஞ்சம் ஏறித் திரும்பினோம்.
என் தகடு அங்கே இல்லை.
யாரோ அடுத்த கட்டத்துக்குத் தள்ளியிருந்தார்கள்,
அதன்மேல் பெயின்ட் பூசியாகிவிட்டது.
பெயின்ட் எதையும் மன்னிக்கும்.
ஐந்து பொட்டு பாக்கி.

அதன்பிறகு எந்த ழூக்கையும் நான் முகம் பார்த்ததில்லை.
குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பேன்.
தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு ழூக்,
பால் கேன் குலுங்கும் ழூக்,
ஒருமுறை, சொல்ல வெட்கமாக இருக்கிறது,
சவ ஊர்வலத்துக்கு மலர்வளையம் ஏற்றிவந்த ழூக்.
எகிப்துக்குக் கப்பலேறியவையும் உண்டு.
அவற்றில் ஒன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
அங்கே மழை குறைவாமே.

தொண்ணூற்றெட்டில் கடைசி வண்டு வெளியே வந்தது.
கேக் வெட்டினார்களாம். நான் போகவில்லை.

மறு வருடம் அக்டோபர், பியாவா போட்லாஸ்கா சந்தை.
விடியற்காலையிலிருந்து மழை.
நீலம் வெளுத்த ழூக்கிலிருந்து ஒருவர் இறங்கினார்,
இடது பூட்ஸைக் கழற்றிக்
கெட்டிலைக் கவிழ்ப்பதுபோலத் தண்ணீரைக் கொட்டினார்,
திரும்ப மாட்டிக்கொண்டு
முட்டைக்கோஸை அடுக்கத் தொடங்கினார்.
தினமும் செய்கிற காரியம் என்பது அந்த நிதானத்திலேயே தெரிந்தது.

சேற்றில் படுத்து உள்ளே ஊர்ந்தேன்.
ஒன்று, இரண்டு... ஏழு.
எட்டாவது இருக்கவேண்டிய இடத்தில்
தார் பூசிய டிராக்டர் டயர்த் துண்டு.

"கீழே என்ன தொலைத்தீர்கள்?"
"ஐந்து."

சொன்னேன், எல்லாவற்றையும்.
அவர், வின்சென்டி, எஞ்சின் மூடிமேல் கை காயவைத்தபடி கேட்டார்.
"எண்பது ஜூலையா?"
"ஆமாம்."
"கட்லெட்டுக்காகவா?"
"கட்லெட்டுக்காகவும்."

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
பிறகு பெரிய முட்டைக்கோஸாக ஒன்றைத் தராசில் வைத்தார்.
விலையில் சலுகை இல்லை.
மேலே ஒரு ஸ்லாட்டி கூட்டி,
"இது பூட்ஸுக்கு" என்றார்.

கொடுத்தேன்.
"அப்படியானால் இன்னும் நான்குதான் பாக்கி."

அவர் சிரிக்கவில்லை.
ஈர விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்து
"நான்கு" என்றார்.