அறுபத்துமூன்றில் பள்ளம்

தகரத்தில் மழை ஓய
இரவு ஒன்றே முக்கால் ஆனது.
ஜூன் மாதப் பொகவந்தலாவையில் அமைதி
தவணை முறையில்தான் கிடைக்கும்.
அடுத்த சாரலுக்குள் அளந்தாக வேண்டும்.

திலகேஸ்வரியின் மட்டக்கம்பைக்
கதிரை முதுகில் நிறுத்திக் கட்டி
உச்சியில் மைக்:
என் காது இருக்க வேண்டிய உயரம்.
நான் வெளியே, இஸ்தோப்பில், மூச்சை அடக்கி.

இருபதில் தொடங்கிற்று.
முதலில் தொலைவில் ஒரு லொறி மேடேறுவது,
பிறகு வயிற்றுக்குள், பிறகு தொண்டைக்குள்,
கேத்தல் விசில், நுளம்பு.
அதற்கும் மேலே எனக்கு ஒன்றுமில்லை.
லயத்து நாய்கள் மட்டும்
இன்னும் கொஞ்சத் தூரம் போய்க் கேட்டுக் குரைத்தன.

திரையில் கோடு விழுந்தது.
மலைத்தொடர் மாதிரி என்று சொல்லமாட்டேன்,
மலையில் தினமும் ஏறி இறங்குகிறவன் நான்.
இது யாரோ கடித்து வைத்த ரொட்டியின் ஓரம்.
நாற்பத்தேழில் ஒரு வீக்கம்:
பன்னிரண்டடிக் காம்பராவின் சொந்தக் குரல்,
யார் பாடினாலும் கூடச் சேர்ந்து முனகும்.
அறுபத்துமூன்றில் கடி.
அங்கே எதுவுமே இல்லை.

வீக்கத்தை ஏழு டெசிபல் குறைத்தேன். பணிந்தது.
பள்ளத்தை மூன்று ஏற்றினேன். அசையவில்லை.
ஆறு.
ஒன்பது.
போன அலை பின்சுவரில் பட்டுத் திரும்பி
வருகிற அலையை விழுங்குகிறது.
கூட அனுப்பினால் கூட விழுங்குகிறது,
சம்பளத்தை நகைக்கடை வட்டி விழுங்குவது போல.

ஒன்பதில்
பக்கத்துக் காம்பராவில் தட்டுகள் கிலுகிலுத்தன.

எங்கள் நடுச்சுவர் கூரை வரை போகாது.
கட்டியவன் மிச்சம் பிடித்த ஒன்றரை முழம்.
அதன் வழி கருவாடு வரும், இருமல் வரும்,
போன மாதம் ஒரு பூனைக்குட்டி வந்தது.
பாட்டும் போகும் என்று
எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

போர்வைக்குள்ளிருந்து திலகேஸ்வரி:
"கம்புக்கு மேலே நிக்கிறதத்தான் கிள்ளலாம்.
பள்ளமா இருக்கிற செடியப் புடிச்சு இழுத்தா வளருமா?
கதிரையத் தள்ளிப் போட்டுட்டுப் படுங்க."

நாலரை அடியில் கிடந்த கதிரையைச்
சுவரோடு ஒட்டினேன்.
பள்ளம் நிரம்பிற்று. நிரம்பி வழிந்தது.
ஏற்றிய ஒன்பதை அழித்து
மிஞ்சியதில் நாலு கிள்ளினேன்.
மிருதங்கத்தின் தொப்பி முதல் முறையாக
தன் இடத்தில் தொடங்கித் தன் இடத்தில் நின்றது.
விடிந்து பெரட்டுக்கு மணி அடிக்கும் வரை
நான் படுக்கவில்லை.

சனிக்கிழமை மைக்கல்ராஜ் வந்தார்.
ரோலர் மெஷினோடு இருபத்தாறு வருஷம்,
மேல் ஒலியெல்லாம் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது.
பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.
"பெட்டி பழுதா தம்பி?
அந்தத் திம்மு திம்மு செவத்துக்கு மேலால வரலியே.
எனக்கு அது ஒண்ணுதான் வெளங்கும்."

நான் எதுவோ சொன்னேன்.
நுளம்புச் சுருள் புகையில் அவர்
என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்ட இன்னோர் இரவு
மைக் வயரோடு சுவர் தாண்டிற்று.
அவர் தலையணைக்கு மேலே,
மாதா படத்து ஆணியில் தொங்கிற்று.
நாற்பத்தேழு அங்கேயும் வீக்கம்.
அறுபத்துமூன்றில் ஒரு மேடு:
என் பள்ளத்து மண்
இத்தனை மாதமும் அங்கேதான் குவிந்திருக்கிறது.

இப்போது பெட்டியில் இரண்டு செட்டிங்.
ஒன்று, கதிரை.
இரண்டு, எம்.ஆர்.

சனி இரவு இரண்டை அழுத்தினால்
எங்கள் பக்கம் குகை போல முழங்கும்.
திலகேஸ்வரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு
என்னை முறைப்பாள்.
மைக்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி
நோர்வூட் கடைக்காரன் இரண்டு தரம் எடுத்துவிட்டான்.
சுவருக்கு அப்பால் ஒரு விரல்
கட்டில் சட்டத்தில் தாளம் போடும்,
அரை இடம் பிந்தி,
மழை பிடிக்கிற வரைக்கும்.