வலது கால் செருப்பு

சனி இரவு ஒன்பது மணிக்கு
துவாரகனின் மொட்டை மாடியில் ஆடத் தொடங்கினோம்.
பத்து வரைதான் பொறுப்பேன் என்ற கீழ்வீட்டு அன்ரி
பதினொன்றரைக்குத் தானே மேலே வந்தார்,
ஒரு தட்டு கட்லட்டுடன்.
தெஹிவளைக் கடல் இருட்டுக்குள் எங்கேயோ.
ரயில் போகும்போது மட்டும்
பாட்டு அரை நிமிடம் தோற்கும்.

தினெத்துக்குப் பைலா இடுப்போடு பிறந்தது.
ருக்‌ஷியா கைகளை மட்டும் ஆட்டுவாள்,
கால்கள் வங்கி வரிசையில் நிற்கும்.
எனக்கு இரண்டும் ஒழுங்காய் வராது.
ஆனாலும் ஆடினேன்,
திங்கள் கொடுக்கவேண்டிய அசைன்மென்ட்டைக்
குதிகாலால் மிதித்து மிதித்து.
புதுச் செருப்பு தோலைக் கடித்தது.
கடிக்கட்டும் என்று கழற்றி எறிந்துவிட்டு
வெறுங்காலில் இன்னும் நாலு பாட்டு.

ஒன்றரைக்கு ஓட்டோ.
மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர்.
சாரதி அண்ணை கண்ணாடிக்குள் சிரித்தார்.
கண்ணாடிக்குப் பக்கத்தில் பள்ளி உடுப்பில் ஒரு மகள்.
"சத்தம் போதாது நங்கி" என்று
தன்னுடைய பெட்டியையும் கூட்டிவிட்டார்.
மிச்சம் நூறு ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
வெள்ளவத்தைப் போர்டிங் வாசலில் நொண்டியபோதுதான்
வலது செருப்பு வண்டியோடு போனது தெரிந்தது.

ஞாயிறு பத்து மணி.
களுபோவிலைப் பக்கம் ஓர் ஒழுங்கை.
ஒழுங்கையின் முடிவில், நீலக் கேற் போட்ட வீட்டில்
கடல் தாண்டி வந்த ஆறு குடும்பங்கள்.
அவர்களைத் துரத்த ஒரு கூட்டம் வருகிறதாம்.
அதற்கு முன்னால் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.
கத்தக்கூடாது. தொடக்கூடாது.
துப்பினால் துடைக்கவேண்டும்.
ருக்‌ஷியா சொல்ல நாங்கள் இருபத்தியிரண்டு பேர்
சின்னப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினோம்.

தினெத் மூன்று மொழியிலும் மட்டை எழுதியிருந்தான்.
தமிழில் மட்டும் 'எஙகள் அயலவர்'.
நேற்றைய கண்மை பையில் இருந்தது.
'ங'வின் தலையில் ஒரு புள்ளி வைத்தேன்.

வந்தார்கள்.
ஒலிபெருக்கி முதலில் இருமியது, பிறகு ஏசியது.
ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்து வந்து
ருக்‌ஷியாவின் தோளில் பட்டு விழுந்தது.
அவள் குனிந்து எடுத்து, மூடியை இறுக்கி,
மதிலோரம் நிமிர்த்தி வைத்தாள்.
ஆடியபோது வலிக்காத குதி
நின்றபோது வலித்தது.
கொப்புளம் உடைந்து ரப்பர் செருப்புக்குள் வழுக்கியது.
பக்கத்தில் தினெத்தின் கால் தட்டிக்கொண்டிருந்தது.
"நிறுத்தடா!"
"அவங்கட கோஷத்துக்கும் தாளம் இருக்கே,
நான் என்ன செய்ய?"
சிரிப்பை அடக்க
நான் கன்னத்தை உள்ளே கடித்தேன்.
மேல் ஜன்னல் கம்பியில் யாரோ ஒரு சிறு விரல்
அதே தாளத்தை எடுத்துக்கொண்டது.

மூன்றாவது வரிசையில் அவரைக் கண்டேன்.
ஓட்டோ அண்ணை.
இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்.
அவரும் என்னைக் கண்டார்.
உயர்ந்த கை பாதியில் நின்றது.
பிறகு, இல்லை என்று சொல்ல மாட்டேன்,
மறுபடி உயர்ந்தது.

ஒரு மணிக்கு மழை. ஒலிபெருக்கிக்கு நனையக்கூடாது.
அவர்கள் கலைந்தார்கள், நாங்கள் நின்றோம்,
மட்டையில் நீலமும் சிவப்பும் ஒழுகின,
கண்மைப் புள்ளி மட்டும் ஒழுகவில்லை.
அப்போது பொலிஸ் கொஸ்தாப்பல் ஒருவர்
வீதியைக் கடந்து வந்தார்,
இரண்டு விரலில் ஒரு பெண் செருப்பைத் தூக்கிக்கொண்டு.
"இது யாருட?" என்றார் உடைந்த தமிழில்.
கொப்பியில் என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்.

வாருக்குள் மடித்திருந்தது
அந்த நூறு ரூபா.

நேர்மை என்றான் துவாரகன்.
உங்கட காசு வேண்டாம் என்ற கோபம் என்றான் தினெத்.
மகளின் படத்தை நான் சொல்லவில்லை.
கொத்து வரும்வரை வாதாடினோம்,
கொத்துத் தட்டும் சத்தம் எழுந்ததும்
ருக்‌ஷியாவின் கைகள், அவளைக் கேளாமலே,
மேசைக்கு மேலே ஆடத் தொடங்கின.

அசைன்மென்ட் இன்னும் முதல் பக்கத்தில்.
நூறு ரூபா பையில், செலவழியாமல்.