கடைசிச் சொல்

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட முடியாது.
குழம்பு தட்டில் ஆடை கட்டும்வரை
அப்பா வாசிப்பார்.
நாளுக்கு ஓர் அதிகாரம்.
தொழுநோய்ச் சட்டமானாலும் வம்சப் பட்டியலானாலும்
ஒரு வரி தாண்டமாட்டார்.
பிறகு வேதத்தை மூடி
ஒன்பது பிள்ளைகளில் ஒன்றைப் பார்ப்பார்:
"கடைசிச் சொல்?"

அண்ணன் கிரைன் கெட்டிக்காரன்.
வாசிப்பு முழுக்க வேறெங்கோ இருப்பான்.
அப்பாவின் கட்டைவிரல் அட்டைக்குப் போகையில்
திரும்பி வந்து சொல்லைக் கவ்விக்கொள்வான்.
எனக்கு அந்த வித்தை வரவில்லை.
முதலிலிருந்தே கேட்டேன்.
வந்த வினையெல்லாம் அதனால்தான்.

தோலன் தீவில் எங்கள் சபைக்குத்
தடுப்பூசி ஆகாது.
நோய் யாருக்கு, எப்போது என்பது கர்த்தரின் கணக்கு;
அதில் கைவைக்கக் கூடாது.
வீட்டுக்குக் காப்பீடும் கிடையாது.
ஆனால் ஆண்டுதோறும், தேதி தவறாமல்,
கடலணைக்கு வரி கட்டினார் அப்பா.
பன்னிரண்டு வயதில் கேட்டேன்,
"கடலும் அவருடையதுதானே,
அணை எதற்கு?"
முள்கரண்டிகள் நின்றன.
அப்பா என்னை நெடுநேரம் பார்த்தார்.
"நல்ல கேள்வி," என்றார்.
"இனிக் கேட்காதே."

ஐம்பத்துமூன்றில் கடல் உள்ளே வந்தபோது
அவருக்கு ஏழு வயது.
கூரைமேல் இரண்டு இரவு.
அதைப் பற்றி எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்:
தொழுவத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது,
பிறகு வரவில்லை.

நான் கேட்டுக்கொண்டே போய்
டெல்ஃப்ட்டில் நீரியல் படித்தேன்.
அணைகளின் உயரம்தான் இப்போது என் சோறு.
பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலையைச்
செவ்வாய்க்கிழமைகளில் கணக்கிடுகிறேன்.
அலைமானியின் பதிவுகளைச் சலிக்காமல்
கடைசி எண்வரை பின்தொடரும் பொறுமையைப்
பல்கலைக்கழகம் தரவில்லை.
யார் தந்தது என்று சொல்ல
வெகுகாலம் மனம் வரவில்லை.

மகள் ஃபென்னாவுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று.
ஞாயிறு காலை அவளுக்கு நீச்சல்.
பிரசங்கத்தின் நீளத்தைப்
பெப்பர்மின்ட் மிட்டாயால் அளக்கத் தெரியாது.
நரகத்துக்குப் பயந்து போர்வைக்குள் நடுங்கியதில்லை.
பெருமையாகத்தான் இருந்தது,
போன மாதம் அருங்காட்சியகத்தில்
ஒரு பழைய ஓவியத்தின் முன்னால் நின்று
"அந்த ஆளை ஏன் மரத்தில் மாட்டியிருக்கிறார்கள்?
யாரும் இறக்கிவிடமாட்டார்களா?" என்று
அவள் உரக்கக் கேட்கும்வரை.
நாலைந்து பேர் திரும்பினார்கள்.
எனக்குக் காது சுட்டது.
எதையெதை இவளுக்குச் சொல்லித்தரவில்லை என்று
எட்டு வருடமாக
மனதுக்குள் பட்டியல் வைத்திருந்தவள் நான்.

அதனால் வாசிக்கிறோம், சாப்பாட்டுக்குப் பின்.
அவள் தேர்ந்தது மீன் விழுங்கிய ஆளின் கதை.
"இதை நம்பணுமா?"
"கேட்டால் போதும்."
"மீனுக்குள் எப்படி மூச்சு விட்டார்?"
"நல்ல கேள்வி," என்றேன்.
அடுத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
தண்ணீர் குடித்தேன்.
"இன்னும் கேள்."
குரல் அப்பாவுடையதாகவே இருந்தது.

இன்று கடைசி அதிகாரம்.
ஊர் அழியவில்லை என்று அந்த ஆளுக்குக் கோபம்.
கடவுள் பொறுமையாகப் பேசுகிறார்:
இத்தனை ஆயிரம் பேர்,
வலக்கை இடக்கை தெரியாதவர்கள்,
அத்தனை ஆடுமாடுகள்...
கதை அங்கேயே நின்றுவிடுகிறது.
மூடப் போனேன். என்னையறியாமல்,
"கடைசிச் சொல்?"
ஃபென்னா என் விரலை விலக்கிப் பக்கத்தைப் பார்த்தாள்.
"ஆடுமாடுகள். அப்புறம் ஒரு கேள்விக்குறி."

கேள்விக்குறியா?
அந்த இடத்தில் அப்பாவின் குரல் உயர்ந்ததே இல்லை.
அன்றைக்கு மட்டும்
யாரிடமும் கடைசிச் சொல் கேட்காமல்
எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.
நாங்கள் தப்பித்தோம் என்று
தட்டுகளை எடுப்போம்.

ஞாயிறன்று அவர் தொலைபேசி எடுப்பதில்லை.
நாளை காலை கூப்பிட வேண்டும்.
எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.
ஃபென்னா கரண்டிகளைப் பொறுக்குகிறாள்.
"அவர் ஒரு பதிலும் சொல்லவில்லையா, அம்மா,
அந்த ஆள்?"