மிதிபட்டவை

எண்ணைத் திருத்த தெய்விதாஸுக்கு நான்கு நிமிடம் போதும்.
ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி
மடிக்கணினியில் ஏதோ தட்டுவான்.
மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர்
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிவிடும்.
அவன் காப்பி அதற்குள் ஆறியிருக்காது.

என் வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும்.
ரப்பருக்குப் பொய் சொல்ல வராது.
அதன் வாயை மூடத்தான்
எனக்குச் சம்பளம்.

மரியாம்போலெ கார்ச் சந்தை,
பிப்ரவரி, மைனஸ் ஒன்பது.
கால் இரண்டும் சீட்டின் முதுகில்,
தலை பெடல்களுக்கு நடுவில்,
பல்லில் டார்ச்:
அப்படி மல்லாந்து கிடப்பவன் நான்.

வண்டிக்கு ஒரு பாதம், முகமில்லாமல்.
இந்த ஓப்பலை வைத்திருந்தவர் பயந்தாங்கொள்ளி;
பிரேக்கின் கோடுகளெல்லாம் போய்
சோப்பின் கடைசித் துண்டுபோல வழவழத்திருந்தது.
வால்வோக்காரர் கிளட்சிலிருந்து காலை எடுத்ததே இல்லை.
ஒருவர் ஆக்ஸிலேட்டரின் வலது ஓரத்தை மட்டும் தின்றிருந்தார்,
பாதம் கோணலாயிருக்கும்,
அல்லது செருப்பு.
பெல்ஜியத்திலிருந்து வந்த ஒன்றில்
ரப்பரை உரித்தால் பின்னால் கடற்கரை மணல்.
ஊதிவிட்டு
தகட்டை வைத்துத் திருகினேன்.

அலுமினியம். மூன்று தகடு, பன்னிரண்டு திருகு,
மேலே கறுப்புப் புள்ளிகள், பதினொரு யூரோ.
பந்தயக் காரின் கம்பீரம் என்று பெட்டியில் போட்டிருக்கும்.
மாட்டியதும் வண்டி
மீசைக்கு மை தடவிய மாப்பிள்ளை.
முதலாளி ரோமுவால்தாஸ் எட்டிப் பார்த்து
"ம்" என்பார்.

ரமூனே வந்தது ஒரு வியாழக்கிழமை.
கல்வாரியா பக்கம் வீடு வீடாகப் போய்
புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ்.
பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை,
டயரை உதைக்கவில்லை.
பூட்ஸைக் கழற்றி பனிச்சேற்றில் வைத்துவிட்டு
கம்பளிக் காலுறையோடு ஏறி உட்கார்ந்தாள்.
கிளட்சை மிதித்தாள். விட்டாள். மிதித்தாள்.
பிறகு குனிந்து
தகட்டின் ஓரத்தில் நகத்தை நுழைத்தாள்,
கட்டைத் தூக்கி உள்ளே பார்ப்பதுபோல.

"எத்தனை ஓடியிருக்கிறது?"
ரோமுவால்தாஸ் மீட்டரைக் காட்டினார்.
"ஜெர்மன்காரி ஒருத்தி. ஞாயிறு கோவிலுக்கு மட்டும்தான் எடுப்பாளாம்."
"உங்களைக் கேட்கவில்லை," என்று
என்னைப் பார்த்தாள்.

நான் பேசவில்லை.
கொட்டகைக்குப் பின்னால் போனேன்.
காலையில் போட்டது தொட்டியில் மேலாகவே கிடந்தது.
கிளட்ச் ரப்பர்: இடப்பக்கம் காகிதக் கனம்,
நடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"யாரோ நிதானமான ஆள்," என்றாள்,
"ஒரே இடத்தில் மிதித்திருக்கிறார்."

தொள்ளாயிரம் யூரோ இறங்கியது.
ரோமுவால்தாஸின் காது சிவந்தது, குளிரால் அல்ல.
நோட்டுகளை எண்ணிக்கொண்டே ரமூனே
"தகட்டைக் கழற்றிவிடு" என்றாள்.
"ஈர பூட்ஸுக்கு வழுக்கும்.
நான் விடியுமுன் கிளம்புகிறவள்."
மறுபடி மல்லாந்தேன்.
பழையதையே பூட்டினேன், ஓட்டைக்கு மட்டும்
சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி
அடியில் கொடுத்தேன்.

அந்த வாரச் சம்பளத்தில் ஐம்பது குறைந்தது.
வேலை போகவில்லை.
அந்தக் குளிரில் மல்லாந்து படுக்க
வேறு ஆள் கிடைக்க வேண்டுமே.

பேருந்துக்கு நடக்கையில்
கோட்டுப் பையில் மூன்று தகடும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன,
சில்லறை வைத்திருக்கிறவன் மாதிரி.

திங்களன்று அவற்றை
ஒரு சாம்பல் நிற ஸ்கோடாவுக்குப் போட்டேன்.
கச்சிதமாகப் பொருந்தின.
உரித்த ரப்பர்களை மட்டும்
தொட்டிக்குக் கொண்டுபோகவில்லை.
டிக்கியைத் திறந்து
ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தேன்.