டைல் நாளைக்குத்தான்

லினோலியம் எளிதாகவே பெயர்ந்து வந்தது,
அதுவே சந்தேகம் தந்தது.
கழிப்பறைக் கிண்ணம் இருந்த இடத்தைச் சுற்றி
ப்ளைவுட் கறுத்திருந்தது.
ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்,
அழுத்தக்கூட இல்லை,
ஊறின ரொட்டிக்குள் போவதுபோல் போனது.

'பத்து வருஷமாவது கசிந்திருக்கும்' என்றான் ஓடெல்.
தினமும் அதன்மேல் நின்றுதான்
பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

டுலூத்தில் ஏப்ரல். ஏரியின்மேல் பனிப்பாளம் இன்னும் கலையவில்லை.
ஓடெல், என்னை விட்டுப்போன லைலின் தம்பி.
விவாகரத்துத் தாளில் அவனைப்பற்றி ஒரு வரியும் கிடையாது.
வட்ட ரம்பம் யாருக்கு என்றுகூட இருந்தது,
லைலுக்கு.
இது ஓடெலுடைய ரம்பம்.

அழுகியதை அறுத்தெடுத்துப் புதுத்துண்டு பொருத்தினோம்.
பிறகு தரை நடுவே ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து
ஓடெல் குதித்தான்,
இருநூற்றைம்பது பவுண்டு ஆள், சாக்ஸ் காலோடு.
தண்ணீர் தளும்பியது.
'ஆகாது வெர்னா. டைலுக்கு வளையத் தெரியாது,
உடையத்தான் தெரியும்.'

நான் நிலவறைக்கு இறங்கினேன்.
உத்திரங்களுக்கு நடுவே குறுக்குக்கட்டை வைத்து அடித்தேன்.
ஒவ்வொரு கட்டைக்கும் மேலே ஒரு குதி,
என் கண்ணில் ஒரு பிடி தூசி.
'இப்போ?'
'நடுங்குது.'
'இப்போ?'
ஐந்தாவது கட்டைக்குப் பிறகு பதிலே இல்லை.
ஏறிப்போய்ப் பார்த்தால்
அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

சிமென்ட் பலகை, மூன்றடிக்கு ஐந்தடி.
காரிலிருந்து இறக்குவதற்குள் இடுப்பு போயிற்று.
கத்தியால் ஆழக் கீறி, முழங்காலில் வைத்து மடக்கினால்
மடக்கென்று உடைகிறது.
உள்ளே இருக்கும் வலை மட்டும் விடாமல் பிடித்துத் தொங்குகிறது,
அதைத் தனியாக அறுக்கவேண்டும்.

'இது தண்ணீரை நிறுத்துமா?'
'நிறுத்தாது.'
'பிறகு எதற்கு?'
'நனையும். நனைந்தாலும் உப்பாது. காய்ந்தால் பழையபடி.'
விலைச்சீட்டை அப்போதுதான் பார்த்தேன்.
மலிவுதான்.

அடியில் கலவை பூசுவது ஒட்டவைக்க அல்லவாம்,
பிடித்துவைப்பது திருகாணியின் வேலை,
கலவை பள்ளங்களை நிரப்ப மட்டும்.
வேர்க்கடலை வெண்ணெய்ப் பதத்துக்குக் குழைத்தேன்.
பல்வைத்த கரணையோடு மூலைக்குப் போனபோது
ஜன்னலுக்கடியில் ப்ளைவுட்டில் பென்சில் எழுத்து:
முப்பத்தொன்றேகால். அதன்கீழ் இருபத்தேழரை.
ஒரு கோடு. ஐம்பத்தேழே முக்கால்.
ஏழுக்கு இடுப்பில் குறுக்குக்கோடு போடுகிறவன்
அந்தக் குடும்பத்தில் ஒருவன்தான்.

'கூட்டல் தப்பு' என்றான் ஓடெல்.
'ஓர் அங்குலம்.'
'அதனால்தான் இந்த மூலைக்கு லினோலியம் எட்டவில்லை.'
'குப்பைக்கூடையை வைத்து மறைத்திருந்தேன்.'
'எத்தனை வருஷம்?'
'பன்னிரண்டு.'
சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.
படம் எடுத்துவைக்கணுமா என்றான்,
போனைத் தொடாமலே.

நான் கரணையை இழுத்தேன்.
சாம்பல் நிறத்தில் வரிவரியாகச் சால் விழுந்தது,
ஏழின்மேல், முக்காலின்மேல்.

எட்டங்குலத்துக்கு ஒரு திருகாணி.
தலை அமிழவேண்டும், அளவுக்குமேல் அமிழ்ந்தால் பிடி போய்விடும்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
இரண்டு சல்லிக்காசு கனத்துக்கு இடைவெளி.
இணைப்பின்மேல் இணைப்பு வரக்கூடாது,
நான்கு மூலை ஒரே இடத்தில் சந்திக்கவே கூடாது
என்று மூன்றுதரம் சொன்னான்.
இருநூறு திருகாணி. எண்ணினேன், வேறு வேலையில்லை வாய்க்கு.

அவன் போனபின் இரவு பத்தரைக்குத்தான் உறைத்தது,
டைல் முடியும்வரை வீட்டில் கழிப்பறை இல்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க்வரை நடந்தேன்.
சாவி வேண்டுமென்றால்
ஏதாவது வாங்கணும் என்றான் கல்லாப் பையன்.
சூயிங்கம் வாங்கினேன்.

திரும்பி வந்து, விளக்கைப் போடாமல்,
ஈரச் சிமென்ட் வாசனைக்கு நடுவே
பூட்ஸைக் கழற்றிவிட்டுக்
குதித்தேன்.
வாயில் புதினா.
இன்னொருதரம் குதித்தேன்.