ஒரு பக்கம் பத்துக் காசு

பாடாங் செராய் பெரிய ரோட்டில்
ஆ லெங்கின் இரும்புக்கடைக்கும்
பல் வைத்தியருக்கும் நடுவே என் போட்டோஸ்டேட் கடை.
பிறப்புப் பத்திரம், கோர்ட்டு நோட்டீஸ், கடன் பாரம்,
இந்த ஊரின் இரகசியமெல்லாம்
சூடாக என் கையில்தான் வந்து விழும்.
நான் எதையும் படிப்பதில்லை.
இது பாதிப் பொய்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள்.
லோஷினி கையில் ஒரு கட்டுப் படங்கள்.
தஷ்வின் கையில் மைலோ டின்.
குட்டி ருத்ரேஷ் கையில் அறுந்துபோன சிலிப்பர்.
"அங்கிள், நாப்பது புத்தகம். ஒன்னுக்குப் பன்னெண்டு பக்கம்."
டின்னைக் கவிழ்த்தார்கள்.
செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி விற்ற முப்பத்தோரு வெள்ளி,
ஒரு நீலப் பொத்தான், செத்த வண்டு ஒன்று.
"நாப்பத்தெட்டு வெள்ளி ஆகுமே."
"வண்டையும் சேத்தா?" என்றான் ருத்ரேஷ்.

'உடும்பு மண்டோர்: ஆறு சிரிப்புக் கதைகள்.'
அட்டையில் தொப்பி போட்ட உடும்பு.
பெரட்டுக்கு வரிசையாக நிற்கும் ஆடுகள்.
"நாளைக்கு லீவு வேணும்."
"எதுக்கு?"
"மே... மே... மே தினம்!"

மிஷின் ஓட ஓட நானும் ஓடினேன், கட்டம் கட்டமாய்.
இரண்டாவது கதையில் ஜமால் வீசிய ரொட்டி சானாய்
காற்றில் பறந்து கோயில் கம்பத்தில் மாட்டிக்கொள்ள,
கொடியேறிவிட்டதென்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.
சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடி நழுவியது.

பக்கம் எட்டு.
ஒரு தொந்தி.
தொந்திக்குப் பின்னால், சிறியதாக, ஒரு மனிதன்.
மிஷின் மூடிக்கு அடியில் தொந்தி சிக்கிக்கொள்ள
சர்ர்ர்! தொபுக்! சர்ர்ர்! தொபுக்!
நகல் நகலாய் வெளியே விழுகிறான்.
நாற்பது பேர், நாற்பது தொந்தி,
ஒருத்தருக்கொருத்தர் கை நீட்டிச் சில்லறை கேட்கிறார்கள்.

"இது யாரு?"
மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.
பல்லிகூட வாய் திறக்கவில்லை.
"கற்பனைப் பாத்திரம், அங்கிள்."
"சட்டையில நடுப்பொத்தான் இல்லையே அவனுக்கு?"
குனிந்தேன். எனக்கும் இல்லை.
மைலோ டின் காசுக்கு நடுவே அது கிடந்தது,
நீலம், நாலு துளை.
"உங்க கடை வாசல்லதான் கெடந்துச்சு,"
என்றான் ருத்ரேஷ், சிலிப்பரிடம்.

திங்கட்கிழமை ஜமால் வந்தார்.
"என் மீசை இவ்வளவு சின்னதா?"
செவ்வாய்க்கிழமை மண்டோர் மாசிலாமணி,
மோட்டாரை நிறுத்தாமலே:
"உடும்பு நான்தான்னு ஊரே சொல்லுது."
மூச்சு வாங்கினார்.
"ரெண்டு காப்பி குடு. கூலிம்ல தங்கச்சி இருக்கா."
தலைமையாசிரியை சிவப்புப் பேனாவோடு வந்தார்.
இருபத்து மூன்று ஒற்றுப்பிழையைச் சுழித்தவர்
மே தினத்தில் சிரித்து
பேனாவை இங்கேயே மறந்துவிட்டுப் போனார்.
ஆ லெங்குக்குத் தமிழ் தெரியாது.
முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை பார்த்தான்,
தன் கடை எந்தக் கட்டத்திலும் இல்லையென்று
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பதினேழு வெள்ளி பாக்கி இன்னும் வரவில்லை.
கேட்கவும் பயம்.
கேட்டால் இரண்டாம் புத்தகத்தில் வந்துவிடுவேன்.
கேட்காவிட்டால் வராமலே போய்விடுவேனோ
என்பது வேறொரு பயம்.

நேற்றுக் கடை சாத்தியபின்
எட்டாம் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் கதவில் ஒட்டினேன்.
சாப்பாடு கொண்டுவந்த மனைவி வெகுநேரம் பார்த்தாள்.
"உங்கள மாதிரியே இல்ல," என்றாள்.
"தொந்தி ரொம்பச் சின்னது."
பிறகு ஊசி நூல் எடுத்துச் சட்டையைக் கேட்டாள்.
தரவில்லை.
முப்பது வருஷமாக இதுதான் என் தொழில்,
அசலில் கை வைத்தால் நகல் செல்லாது.